விரலுக்கு வந்த காசு

பழைய ஃப்ரிட்ஜ் செத்துப்போன அதே வாரத்தில்தான் ரோலர் அக்காவின் விரலுக்குக் காசு வந்தது. இரண்டும் சேர்ந்து வந்ததுதான் வம்பு. ஒரு மாதம் முன்னே பின்னே வந்திருந்தால் அந்த வீட்டில் இவ்வளவு பேச்சு நடந்திருக்காது.

ரோலர் அக்கா என்பது சலவைக்கூடத்தில் விழுந்த பெயர். ஓட்டல்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் படுக்கை விரிப்பு வெளுத்துக் கொடுக்கிற கூடம் அது. அங்கே ஒரு சுவரிலிருந்து மறு சுவர்வரை நீளமாக ஒரு சூட்டு உருளை கிடக்கிறது. பிழிந்த ஈரத்தோடு வருகிற விரிப்பை இரண்டு பேர் இரண்டு மூலையில் பிடித்து, சுருக்கமில்லாமல் இழுத்து, உருளையின் வாயில் கொடுக்க வேண்டும். அது உள்ளே வாங்கி, மறுபக்கம் மொடமொடவென்று காயவைத்துத் தள்ளும். இடது மூலை பதினெட்டு வருடமாக அக்காவுடையது. அங்கே நிற்கிற இரைச்சலில் யாரும் யாரோடும் பேச முடியாது. உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வார்கள். வேலை முடிந்து வெளியே வந்த பிறகும் அரை மணி நேரத்துக்கு எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள். அந்த அரை மணி நேரத்தை அக்கா ஆயுள் முழுக்க நீட்டிக்கொண்டவள் என்று வீட்டில் கேலி உண்டு.

உருளையின் வாய்க்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி இருக்கிறது. கை பட்டால் மெஷின் நின்றுவிடும். ஆனால் விரிப்பின் மடிப்பு பட்டாலும் நின்றுவிடும். இப்படி நின்று நின்று வேலை கெடுகிறது என்று சூப்பர்வைசர் அந்தக் கம்பியைத் தூக்கி, கட்டுக்கம்பி போட்டு மேலேயே கட்டிவிட்டார். கட்டின நாலாம் மாதம், ஒரு வெக்கையான பிற்பகலில், அக்காவின் இடது கை விரிப்போடு சேர்ந்து உள்ளே போனது. வலது மூலைக்காரி சிவப்புப் பொத்தானை அடிக்க எடுத்த நேரத்துக்குள் சுண்டுவிரல் போய்விட்டது. மோதிர விரல் மட்டும் தப்பித்தேன் பிழைத்தேன் என்று, மடங்காமல் விறைத்துக்கொண்டு, கையோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கே ஒரு தாள் வந்தது. ‘தொழிலாளியின் கவனக்குறைவால்’ என்று அதில் எழுதியிருந்தது. அக்கா அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் பஸ் டிரைவர். இருபத்தைந்து வருடம் எஞ்சின் பக்கத்திலேயே உட்கார்ந்து இடது காது மந்தமாகிப் போனவர். “கையெழுத்துப் போட்டுடு. போட்டாத்தான் தருவாங்க,” என்றார். அக்கா போட்டாள். மருந்துச் செலவெல்லாம் போக, ஏழு மாதம் கழித்துக் கையில் வந்தது பன்னிரண்டாயிரம்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வெயில் கூரைத் தகரத்தைப் பிடித்து வீட்டுக்குள் இறக்கிக்கொண்டிருந்தது. காலையில் வாங்கின பால் திரிந்து, அதைக் கொட்டிவிட்டு எல்லோரும் பாலில்லாத டீயோடு உட்கார்ந்திருந்தார்கள். வீட்டுக்காரர், கல்யாணமாகாத மகள், வீட்டுக்காரரின் அக்கா. இந்த நாத்தனார், புருஷன் போன பிறகு ஒரு டிரங்குப் பெட்டியோடும் இரண்டு ஆள் வாயோடும் தம்பி வீட்டுக்கு வந்தவர்.

“ஒத்தைக் கதவு ஃப்ரிட்ஜ் பன்னெண்டாயிரத்துக்கே இருக்கு. எடுத்து வைக்கச் சொல்லிட்டேன்,” என்றார் வீட்டுக்காரர்.

“கடவுளாப் பாத்துக் குடுத்தது. ஃப்ரிட்ஜ் போற நேரத்துல சரியா காசு வருது பாரு,” என்றார் நாத்தனார்.

“கடவுள் குடுக்கல அண்ணி. என் விரல் குடுத்துச்சு.”

“சரிம்மா, விரல்தான் குடுத்துச்சு. நல்ல காரியத்துக்குத்தானே போகுது.”

“நான் அதுல கீபோர்டு வாங்கப் போறேன்.”

மகள் போனிலிருந்து தலையைத் தூக்கினாள். “கம்ப்யூட்டருக்காம்மா? நம்மகிட்ட கம்ப்யூட்டரே கிடையாதே.”

“வாசிக்கிற கீபோர்டு.”

மின்விசிறி மட்டும் கடகடவென்று தன் அபிப்பிராயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. முதலில் வாயைத் திறந்தது நாத்தனார்தான். திறக்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

“பத்து விரல் இருந்தப்ப வராத ஆசை ஒம்பது விரல்ல வருதா?”

“ஆமா அண்ணி. பத்து இருந்தப்ப எண்ணிப் பாக்கல.”

“யோசிச்சுப் பேசு,” என்றார் வீட்டுக்காரர். “இந்த வெயில்ல பால் நிக்கல, சோறு நிக்கல. குடும்பத்துக்குப் பொதுவா ஒரு பொருள் வாங்குறதுதானே முறை?”

“விரல் பொதுவாப் போகலையே. எனக்கு மட்டும்தானே போச்சு.”

“அதுக்காக?”

“அந்தக் காசுல ஃப்ரிட்ஜ் வந்தா, ஒவ்வொரு தடவை கதவைத் தொறக்கும்போதும் உள்ள என் விரல் இருக்கிற மாதிரி இருக்கும். அதுல வச்ச தண்ணிய என்னால குடிக்க முடியாதுங்க. நீங்க குடிப்பீங்களா?”

வீட்டுக்காரர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். டியூட்டி இல்லாத நாளில் அவர் அப்படிப் போவது கோபத்துக்குத்தான்.

கீபோர்டு ஆசை ஒன்றும் வானத்திலிருந்து குதிக்கவில்லை. ஆஸ்பத்திரியின் பின்பக்கம், விரல்களுக்குப் பயிற்சி கொடுக்கிற சின்ன அறை ஒன்று இருந்தது. பிசைய ரப்பர் பந்து, உருட்டக் களிமண், துணி மாட்டுகிற கிளிப்பு என்று ஒரு மேசை நிறையச் சாமான். அந்த மேசையின் கோடியில் யாரோ கொடுத்துவிட்டுப் போன ஒரு பழைய கீபோர்டும் கிடந்தது. பயிற்சி கொடுக்கிற பிசியோ பெண் அக்காவின் கையை அதன்மேல் வைத்து, “கட்டைவிரல்ல ஆரம்பிச்சு ஒவ்வொண்ணா அழுத்துங்கக்கா,” என்றாள். கட்டைவிரல் ஒன்று, ஆள்காட்டி இரண்டு, நடுவிரல் மூன்று. நாலாவதாக மோதிர விரல். அது கீபோர்டுக் கட்டையின்மேல் குச்சி மாதிரி கிடந்தது. சத்தம் வரவில்லை.

நாலு தடவை போயும் வரவில்லை. ஐந்தாவது தடவை வந்தது. காதுப் பக்கம் கொசு போன அளவுக்குத்தான் வந்தது. ஆனால் வந்தது அந்த விரலிலிருந்துதான். பதினெட்டு வருடம் அந்தக் கை செய்த வேலையில் அதற்கென்று தனியாக ஒரு சத்தம் கேட்டதில்லை. எல்லாச் சத்தமும் மெஷினுடையதாகத்தான் இருந்தது.

பன்னிரண்டு தடவையோடு ஆஸ்பத்திரிப் பயிற்சி முடிந்தது. “விட்டுடாதீங்க. தினமும் பண்ணலைன்னா ஆறே மாசத்துல இறுகிடும். அப்புறம் அந்த விரல் இருந்தும் இல்லாத மாதிரிதான்,” என்றாள் பிசியோ பெண். “வீட்டுல ரப்பர் பந்து வச்சுப் பிசைங்க, போதும்.” அக்கா பிசைந்து பார்த்தாள். பந்துக்கு வாயில்லை. இன்றைக்கு அழுத்தினது நேற்றைவிடக் கூடவா குறைவா என்று அது சொல்லவே மாட்டேன் என்றது. ஒரு மாதத்தில் அலுத்துப்போய் எங்கேயோ உருட்டிவிட்டாள். விரல் மறுபடி விறைக்கத் தொடங்கியிருந்தது. காசு வந்தது அப்போதுதான்.

வீட்டுக்காரர் இரண்டு நாள் பேசவில்லை. மகள் சமாதானத்துக்கு வந்தாள். அவள் போன் கடையில் வேலை பார்ப்பவள். உலகத்தில் எந்தக் குறைக்கும் போனில் மருந்து உண்டு என்பது அவள் கட்சி.

“இங்க பாரும்மா, போன்லயே பியானோ இருக்கு. காசே கிடையாது.”

அக்கா திரையில் மோதிர விரலை வைத்தாள். டிங்கென்று கணீராகக் கேட்டது. எடுத்தாள், நுனியை மட்டும் பட்டும் படாமல் வைத்தாள். அதே டிங்.

“கண்ணாடிமேல விரலை வச்சா கண்ணாடிக்கு என்ன தெரியும்? போடி. உனக்கு லீவு என்னைக்கு?”

“புதன்கிழமை. எதுக்கு?”

“கடைக்குப் போக.”

புதன்கிழமை மழை பிடித்துக்கொண்டது. டயர் கடைக்கும் கண்ணாடிக் கடைக்கும் நடுவில் ஒடுக்கமாக இருந்தது அந்த வாத்தியக் கடை. கிடார்கள் சுவரில் வரிசையாகத் தொங்கின. கடைக்காரர் வழுக்கைத் தலையும் கழுத்தில் தொங்குகிற கண்ணாடியுமாக, முன்பு கச்சேரிக் குழுக்களில் வாசித்தவர் என்பது விரலைப் பார்த்தாலே தெரிகிற மாதிரி, மேசையைத் தட்டிக்கொண்டே பேசினார்.

“யாருக்கும்மா? பொண்ணுக்கா?”

“எனக்கு. பன்னெண்டாயிரம் இருக்கு. அதுக்கு மேல ஒரு காசு கிடையாது. அதுக்குள்ள காட்டுங்க.”

அவர் பார்வை அக்காவின் இடது கைக்குப் போய், அவசரமாகத் திரும்பி வந்தது. முதலில் ஒரு சின்னப் பெட்டியை எடுத்து வைத்தார். நாலாயிரம். அக்கா கையை வைத்தாள். விரிப்பு இழுத்து இழுத்துத் தடித்த விரல், ஒன்றை அழுத்தினால் இரண்டு கட்டைகள் கூவின.

“இது சின்னப் புள்ளைங்க கைக்கு. வேற காட்டுங்க.”

அடுத்தது முழு அளவு, அறுபத்தோரு கட்டை, எட்டாயிரத்து ஐந்நூறு. பொத்தானெல்லாம் பச்சையும் சிவப்புமாக மின்னியது. “இருநூறு தாளம் இருக்கும்மா. ஒரே விரலை வச்சாப் போதும், ஒரு குழுவே சேந்து வாசிக்கும்,” என்று ஒரு கட்டையைத் தொட்டார். மேளமும் வயலினும் கொட்டித் தீர்த்தன. மகளுக்கு வாயெல்லாம் பல்.

“அம்மா, இதையே எடுத்துக்கோ. மிச்சம் மூவாயிரத்து ஐநூறு கையில நிக்கும்.”

“எல்லாத்தையும் நிறுத்துங்க,” என்றாள் அக்கா. நிறுத்தினார். நடுவிரலால் ஒரு கட்டையை ஓங்கி அழுத்தினாள். பிறகு மோதிர விரலால் அதே கட்டை. முக்கித்தான் அழுத்தினாள், முழுசாக இறங்கக்கூட இல்லை. இரண்டு சத்தமும் ஒன்றுபோலவே கேட்டன. மறுபடி செய்து பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

“இது பொய் சொல்லுது.”

கடைக்காரர் சிரித்துவிட்டார். “பொய் இல்லம்மா. இதுல டச் கிடையாது. எப்படி அழுத்தினாலும் ஒரே சத்தம்தான். டச் இருக்கிறதுல மெல்ல அழுத்தினா மெல்லக் கேக்கும், ஓங்கி அழுத்தினா ஓங்கிக் கேக்கும்.” கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, நல்ல மனசோடுதான் சொன்னார். “உங்க கைக்கு இதுதாம்மா நல்லது. விரல்ல குறை இருந்தாலும் வெளிய தெரியாது.”

“தெரியணும்.”

“என்னம்மா?”

“எனக்குத் தெரியணும். இன்னைக்கு எவ்வளவு அழுத்துச்சு, நேத்து எவ்வளவு அழுத்துச்சுன்னு தெரியணும். தெரியாம இருக்க நான் எதுக்குக் காசு குடுக்கணும்? டச் இருக்கிறதைக் காட்டுங்க.”

“அது பதினாலாயிரத்து ஐநூறு.” கடைக்காரர் யோசித்தார். பிறகு உள்ளே போய்த் தூசி தட்டிக்கொண்டே ஒரு பழைய பெட்டியைத் தூக்கி வந்தார். “இது ஒருத்தர் வாசிச்சுட்டுக் குடுத்தது. டச் உண்டு. ஒம்பதாயிரத்துக்குத் தர்றேன். ஒரே ஒரு கட்டை மட்டும் பேசாது. உங்களுக்கும் ஒரு விரல் இல்ல, இதுக்கும் ஒரு கட்டை இல்ல. உங்களுக்குன்னே எடுத்து வச்ச மாதிரி இருக்கு பாருங்க.”

மகள் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு அடி நகர்ந்து நின்றாள். அவளுக்கு அந்த முகம் தெரியும்.

“ஏங்க,” என்றாள் அக்கா. சலவைக்கூடத்துக் குரல் அது, டயர் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். “ஒரு விரல் போச்சுன்னா எனக்கு எல்லாத்துலயும் ஒண்ணு குறைச்சுத்தான் குடுப்பீங்களா? செருப்பு வாங்கப் போனா ஒத்தைச் செருப்பு குடுப்பீங்களா? இல்லாதவளுக்கு இல்லாததே போதும்னு யாருங்க உங்களுக்குச் சொன்னது?”

“தப்பா நினைச்சுக்காதீங்கம்மா, நான் ஒரு ஆறுதலுக்கு...”

“ஆறுதல் வாங்க நான் வரல. கீபோர்டு வாங்க வந்திருக்கேன். அறுபத்தொண்ணும் பேசணும்.”

மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. மகள் காதோடு சொன்னாள். “ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். உனக்கு ஒரு பாட்டுகூட வாசிக்கத் தெரியாதும்மா. இத்தனை நொட்டை சொல்ற.”

“ஆடப் போறவதானேடி கூடத்தைப் பாக்கணும்.”

அப்போதுதான் வாசலோரம் கிடந்த ஒன்று அக்காவின் கண்ணில் பட்டது. பதினாலாயிரத்து ஐந்நூறின் உடன்பிறப்பு. போகிறவர் வருகிறவரெல்லாம் தட்டிப் பார்க்க வைத்திருந்தது. கட்டைகளில் கைரேகை, ஒரு ஓரத்தில் யாரோ கிளாஸ் வைத்த வட்டம்.

“அது என்ன விலை?”

“அது காட்சிக்கு வச்சதும்மா. ஒரு வருஷமா ஊரே தட்டினது. விக்கிறதில்ல.”

அக்கா அதன் முன்னால் போய் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, இடது கோடியிலிருந்து ஒவ்வொரு கட்டையாக அழுத்தி விட ஆரம்பித்தாள். சத்தமே இல்லை.

“ஸ்விட்ச் போடலையேம்மா,” என்றார் கடைக்காரர்.

“வேண்டாம். சத்தம் குறுக்க வரும்.”

உருளைக்குப் போகுமுன் மூன்று வருடம் அவள் சட்டைப் பிரஸ்ஸில் நின்றவள். காலால் மிதிக்கிற பெடல் அது. ஸ்பிரிங் தளர்கிறதா என்று அங்கே காதால் கண்டுபிடிக்க முடியாது. எந்த இரைச்சலில் எதைக் கேட்பது? மிதித்து விட்டால் அது எவ்வளவு வேகமாகக் காலைத் தூக்கிவிடுகிறது என்பதுதான் கணக்கு. மெக்கானிக் வந்தால் முதலில் அவளைத்தான் கூப்பிட்டு மிதிக்கச் சொல்வான். இப்போது அந்தக் காலின் புத்தி விரலுக்கு வந்திருந்தது. அழுத்தினாள், விட்டாள், அடுத்ததற்குப் போனாள். கடைக்காரர் மேசையைத் தட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அறுபத்தொன்றும் முடிய மழையே குறைந்துவிட்டது.

“இதுவும் இதுவும்,” என்று நடுவில் இரண்டைத் தொட்டுக் காட்டினாள். “மெதுவா எந்திரிக்குது. சாகல, ஆனா சோம்பேறி. மத்ததெல்லாம் சுறுசுறுப்பு.”

கடைக்காரர் ஸ்விட்சைப் போட்டு அந்த இரண்டையும் தட்டிப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். “போன மாசம் இந்த ரெண்டுக்கும்தான் கழட்டி ரப்பர் மாத்தினேன். புது ரப்பர், இன்னும் பழகல. எங்கம்மா கத்துக்கிட்டீங்க இதை?”

“துணி தேய்க்கிற எடத்துல. பன்னெண்டாயிரம்.”

“பதிமூணு.”

“இருக்கிறதே பன்னெண்டுதான்னு வந்ததும் சொன்னேன். ஸ்டாண்டு வேண்டாம், பை வேண்டாம்.”

“அடாப்டர்?”

“அடாப்டர் இல்லாம? அது பெட்டியோட சேந்தது.”

அவர் தலையைச் சொறிந்தார். ஒரு வருடம் ஊரே தட்டிய பொருளை இப்படி ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு மதித்ததில் மனுஷனுக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். “சரி, எடுத்துக்கோங்க. ஒரு ஹெட்போனும் தர்றேன், காசு வேண்டாம். வீட்டுல யாருக்கும் தொந்தரவில்லாம...”

“ஹெட்போன் வேண்டாம்,” என்றாள் அக்கா.

கழித்துக் கட்டின ஓட்டல் விரிப்பு ஒன்றை அவள் வீட்டிலிருந்தே மடித்து எடுத்து வந்திருந்தாள். அதில் கீபோர்டைச் சுற்றி, நாலு மூலையையும் இழுத்து, ஒரு சுருக்கமில்லாமல் கட்டினாள். பஸ்ஸுக்கு மகள்தான் டிக்கெட் எடுத்தாள்.

ஸ்டாண்டு ஏன் வேண்டாம் என்றாள் என்பது வீட்டுக்கு வந்த பிறகு தெரிந்தது. கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்திருந்த இஸ்திரிப் பலகையைப் பிரித்து, இடுப்பு உயரத்துக்கு ஏற்றி நிறுத்தினாள். கீபோர்டு அதில் அளவெடுத்தது மாதிரி உட்கார்ந்தது. நின்றபடியே கையை வைத்தாள். பதினெட்டு வருடம் நின்றே வேலை செய்தவளுக்கு நாற்காலி எதற்கு?

ஒன்று, இரண்டு, மூன்று, பிறகு ஒன்றுமில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, ஒன்றுமில்லை. காலையில் அரை மணி, சாயங்காலம் அரை மணி. பாட்டென்று சொல்ல முடியாது. மூன்று படி இறங்கி நாலாவது படியில் கால் வைக்க இடமில்லாமல் நிற்கிற மாதிரி ஒரு சத்தம். நாத்தனாருக்கு அது தாங்கவில்லை.

“பாலுந்தான் திரியுது, காதுந்தான் திரியுது. ஏம்மா, முடிக்கிற மாதிரியாவது ஒரு சத்தம் போடேன். அந்த எடத்துல நிறுத்துறப்பல்லாம் எனக்கு வயித்தைப் பிசையுது.”

“எனக்கும்தான் அண்ணி. பொறுத்துக்கோங்க.”

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, வீட்டுக்காரர் எங்கிருந்தோ ஒரு ஹெட்போனை வாங்கிவந்து இஸ்திரிப் பலகைமேல் வைத்தார். “காதுல மாட்டிக்கிட்டு வாசி. உனக்கு மட்டும் கேட்டாப் போதும்ல.”

அக்கா அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள். கோபம் வரும் என்று அவர் எதிர்பார்த்திருப்பார். ஆனால் அவள் கத்தாமல் பேசினாள். அந்த வீட்டில் அது அபூர்வம்.

“பதினெட்டு வருஷம் அந்த மெஷின் சத்தத்தை நான் கேட்டேன். யாரும் அதுக்கு ஹெட்போன் மாட்டல. கவனக்குறைவுன்னு தாள்ல பொய் எழுதினப்ப நீங்க எல்லாரும் சும்மா இருந்தீங்க. இப்பவும் சும்மா இருங்க. இது என் சத்தம். இருக்கிறதும் கேக்கட்டும், இல்லாததும் கேக்கட்டும்.”

வீட்டுக்காரர் ஹெட்போனைத் திரும்ப எடுத்துக்கொண்டார். வாசற்படியில் போய் வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். ஃப்ரிட்ஜ் கடைக்காரன் கேட்டதற்கு, இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். அதை மகள்தான் வந்து சொன்னாள்.

சலவைக்கூடத்துக்குத் திரும்பிப் போனபோது சூப்பர்வைசர் அவளை மடிப்பு மேசைக்குப் போகச் சொன்னார். சம்பளம் கொஞ்சம் கம்மியாம். அக்கா நேராகத் தன் இடது மூலைக்குப் போனாள். கொறடு ஒன்றை இடுப்பில் செருகி வந்திருந்தாள். கட்டுக்கம்பியை நாலு இடத்தில் நறுக்கினாள். தடுப்புக் கம்பி டங்கென்று இறங்கித் தன் இடத்தில் உட்கார்ந்தது. அன்றைக்கு மெஷின் பதினாறு தடவை நின்றது. சூப்பர்வைசர் ஓடி வந்து முகம் சிவக்கக் கத்தினார். அவர் உதட்டில் ஒரு வார்த்தை விடாமல் படித்துவிட்டு, இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை என்று அக்கா காதைத் தொட்டுக் காட்டினாள். வலது மூலைக்காரியும் காதைத் தொட்டுக் காட்டினாள். மறுபக்கம் விரிப்பு வாங்குகிற இரண்டு பேரும் காட்டினார்கள். மறுபடி அதைக் கட்ட யாரும் வரவில்லை.

வெயில் காலம் போய்க் காற்று மாறிவிட்டது. பால் மத்தியானம்வரை நிற்க ஆரம்பித்தது. மூன்று படி இறங்கி நிற்கிற சத்தம் வீட்டுக்குப் பழகிப்போய், தெருவில் போகிற பழ வண்டிக்காரர்கூட அதை விசிலடிக்கிறார் என்றாள் மகள். அவரும் மூன்றோடுதான் நிறுத்தினாராம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. வீட்டுக்காரர் கொல்லைப்பக்கக் கண்ணாடி முன் நின்று சவரம் செய்துகொண்டிருந்தார். உள்ளே ஒன்று, இரண்டு, மூன்று. அதன் வாலில் ஏதோ ஒட்டிக்கொண்டு வந்த மாதிரி இருந்தது. அவர் பிளேடு நின்றது. மறுபடி ஒன்று, இரண்டு, மூன்று. அவர் முகத்தில் பாதிச் சோப்போடு உள்ளே வந்து, நல்ல காது இருக்கிற பக்கமாகத் திரும்பி நின்றார்.

“இன்னொரு தடவை.”

அக்கா கையைப் பார்த்துக்கொண்டே அழுத்தினாள். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல். மோதிர விரல் நடுங்கிக்கொண்டே இறங்கியது. அடியில் எங்கேயோ, பக்கத்து அறையில் யாரோ முனகின அளவுக்கு, ஒரு சத்தம்.

“நாலாவது வருது,” என்றார் அவர். “எனக்கே கேக்குது. வருதுடி.”

அக்காவுக்குக் கண்ணில் நீர் கட்டிக்கொண்டு கட்டைகள் தெரியவில்லை. அவர் சோப்புக் கையை நீட்டி, சத்தத்தைக் கூட்டுகிற திருகைத் திருப்பப் போனார். அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

“அதைத் தொடாதீங்க.”

“எனக்குக் காது மந்தம்டி. கொஞ்சம் கூட்டினா நல்லாக் கேக்கும்ல.”

“அதை விரல் கூட்டும். அதுவரைக்கும் கேக்கணும்னா நீங்க கிட்ட வாங்க.”

அவர் முக்காலியை இழுத்துப் பலகைக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். முகத்துச் சோப்பைத் தோளால் துடைத்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, நல்ல காதை ஸ்பீக்கரோடு ஒட்டி வைத்தார். அக்கா கட்டைவிரலிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள்.